ரொறன்ரோவின் ரீஜன்ற் பார்க்கில் வாடகைக்கு வீடு எடுக்கலாமா? கட்டடத்தின் வயதை முதலில் கேளுங்கள்

தங்கச்சி ஒருவர் எனக்கு எழுதியிருந்த கேள்வி இது: "அக்கா, டவுன்ரவுனில ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. விடிய ஏழு மணிக்கு சிஃப்ற், ஸ்காபரோவில இருந்து ஒவ்வொரு நாளும் போய்வர ஏலாது. ரீஜன்ற் பார்க்கில ஒரு பெட்ரூம் கொண்டோ பார்த்தன், மாதம் 2,250 டொலர். வீடு நல்ல வடிவு. ஆனா 'ரீஜன்ற் பார்க்கிலயோ?' எண்டு கேட்ட நேரத்தில இருந்து அம்மா ஒழுங்கா சாப்பிடுறா இல்லை. ஏஜென்ற் ரெண்டு நாளுக்குள்ள முடிவு சொல்லட்டாம். எடுக்கலாமா?"

தங்கச்சி, வேலை கிடைத்ததற்கு முதலில் வாழ்த்து. அம்மாவின் பயத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் நீங்கள் ஏஜென்றிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் முதன்முதலில் சனம் குடிவந்தது எப்போது? 2018 நவம்பர் 15ஆம் திகதிக்கு முன்னரா, பின்னரா? குசினி மேசை என்ன கல், பல்கனியில் நின்றால் சிஎன் ரவர் தெரியுமா என்பதெல்லாம் இதற்குப் பிறகு பார்க்கிற விசயங்கள்.

ஏன் இந்தத் திகதி என்றால், ஒன்ராறியோவில் ஏற்கெனவே குடியிருப்பவரின் வாடகையை வருடத்துக்கு எவ்வளவு கூட்டலாம் என்று மாகாண அரசு ஒரு வீதம் அறிவிக்கிறது. 2025க்கு அது 2.5 சதவீதம், 2026க்கு 2.1 சதவீதம். உங்கள் 2,250 டொலருக்கு 2.1 சதவீதம் என்றால் 47 டொலர் 25 சதம். வீதம் அதே அளவில் இருந்தால் ஒரு வருடம் கழித்து 2,297 டொலர் சொச்சம் கட்டுவீர்கள், அவ்வளவுதான். ஆனால் 2018 நவம்பர் 15 வரை கட்டடத்தின் எந்தப் பகுதியிலும் ஒருவரும் குடியிருக்கவில்லை என்றால் அந்தக் கட்டடத்துக்கு இந்த வீதம் பொருந்தாது. வீட்டுக்காரர் 2,600 என்று கேட்கலாம், 2,900 என்றும் கேட்கலாம். 90 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம். இந்த இரண்டைத் தவிர அவருக்கு வேறு தடை இல்லை.

இதில் பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. கணக்குக் கட்டடத்துக்குத்தான், நீங்கள் எடுக்கிற யூனிற்றுக்கு இல்லை. கட்டடத்தின் மூன்றாம் மாடியில் 2015இல் யாரோ குடியிருந்திருந்தால், பதினெட்டாம் மாடியில் இப்போதுதான் முதன்முறையாக வாடகைக்கு விடுகிற வீட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. "நான் இதுவரைக்கும் வாடகைக்கு விட்டதே இல்லை, எனக்கு அந்தச் சட்டம் இல்லை" என்று சொல்கிற வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறேன். அது சரியில்லை.

நான் பல வருடமாக, வாடகைப் பிரச்சினையில் மாட்டிக்கொண்ட எங்கள் ஆக்களுக்கு மொழிபெயர்க்கப் போய்வருகிறேன். மறக்க முடியாத ஒரு பின்னேரம் சொல்கிறேன். இளம் தம்பதி, ஏழு மாதக் குழந்தை. புதுக் கொண்டோ ஒன்றில் ஒரு வருடம் இருந்திருக்கிறார்கள். அந்தப் பெண் டயப்பர் பையின் பக்கப் பொக்கற்றில் இருந்து நாலாய் மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, மடிப்பைக் கையால் அழுத்தி அழுத்தி நேராக்கிக்கொண்டே கேட்டா: "இதில 450 எண்டு போட்டிருக்கு. 45 எண்டதைத்தான் பிழையா அடிச்சிட்டினமோ?" பிழை இல்லை. மாதம் 450 டொலர் கூட்டியிருந்தார்கள். படிவம் சரி, 90 நாள் சரி, கட்டடம் 2018க்குப் பிந்தியது. நாங்கள் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை. அவர்கள் ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸ் பக்கம் போய்விட்டார்கள். லீஸில் கையெழுத்து வைக்க முன்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் தங்கள் கணக்கை வேறு மாதிரிப் போட்டிருப்பார்கள் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

இனி ரீஜன்ற் பார்க்குக்கு வருவோம். இந்த இடத்தில் அந்தத் திகதி இன்னும் முக்கியமாவதற்குக் காரணம், அது அந்தக் குடியிருப்பின் நடுவாலேயே போகிறது. மேற்கே பார்லிமென்ற், கிழக்கே ரிவர், வடக்கே ஜெராட், தெற்கே சூற்றர், இந்த நாலு தெருவுக்கும் இடையில் 69 ஏக்கர். பழைய கபேஜ்ரவுன் என்ற வட்டாரத்தின் ஒரு பகுதியை, சேரி என்று சொல்லி இடித்துவிட்டு, 1940களின் கடைசியில் கனடாவின் முதல் பெரிய அரச குடியிருப்பாக இதைக் கட்டினார்கள். நல்ல எண்ணத்தோடு கட்டியதுதான். ஆனால் உள்ளே தெருக்களை மூடிவிட்டார்கள். சிவப்புச் செங்கல் கட்டடங்கள், நடுவே புல், கடை இல்லை, வங்கி இல்லை, வெளியால் இருப்பவர் உள்ளே வரவேண்டிய தேவையும் இல்லை. நகரத்தின் நடுவில் நகரத்தோடு ஒட்டாத ஒரு தீவாக அது ஐம்பது வருடத்துக்கு மேல் கிடந்தது.

2005இல் அதை இடித்துக் கட்டத் தொடங்கினார்கள். அப்போது அங்கே சுமார் 7,500 பேர் இருந்தார்கள். வருமானத்துக்கு ஏற்ற வாடகை கட்டுகிற 2,083 வீடுகளுக்குப் பதில் வீடு கட்டித் தருவது, அதோடு சந்தை விலைக்கு விற்கிற கொண்டோக்களையும் கட்டி அந்தப் பணத்தில் ஒரு பங்கை இதற்குப் போடுவது, மூடிய தெருக்களைத் திரும்பத் திறப்பது என்பது திட்டம். ரொறன்ரோ சமூக வீடமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து முதல் மூன்று கட்டங்களை டானியல்ஸ் நிறுவனம் கட்டியது. நாலாம், ஐந்தாம் கட்டங்கள் ட்ரைடெல் நிறுவனத்திடம் போயின. முதற்கட்டக் கட்டடங்களில் 2010க்கு அங்காலே இங்காலேயே சனம் குடிவந்துவிட்டது. மூன்றாம் கட்டத்தில் 2018க்குப் பிறகு எழுந்தவையும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், ஒரே தெருவில் ஒரே மாதிரிக் கண்ணாடியோடு நிற்கிற இரண்டு கட்டடங்களில் ஒன்றில் உங்களுக்கு 47 டொலர் கூடும், மற்றதில் எவ்வளவு கூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அடுத்தது, வீடு யாருடையது என்பது. கொண்டோவில் ஒவ்வொரு யூனிற்றுக்கும் ஒவ்வொரு சொந்தக்காரர். அவரோ அவருடைய பிள்ளையோ பெற்றோரோ அங்கே குடிவரப் போகிறோம் என்று குறைந்தது 60 நாள் அவகாசம் கொடுத்து உங்களை எழுப்பலாம். இதற்கான படிவத்தை என்12 என்பார்கள். வீட்டை வாங்குகிறவர் தனக்கு வேண்டும் என்றாலும் இதே படிவம்தான். லீஸ் காலம் முடிய முன்னர் இது செல்லாது. குடிவருகிறவர் உண்மையாகவே ஒரு வருடமாவது இருக்கிற எண்ணத்தோடு வரவேண்டும். பொய்யாய் எழுப்பிவிட்டுக் கூடிய வாடகைக்கு வேறு ஆளுக்குக் கொடுத்தால் வாடகைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். ஆனால் வழக்கு முடியும் வரைக்கும் நீங்கள் எங்கேயோ ஓரிடத்தில் இருந்துதானே ஆகவேண்டும்.

வாடகைக்கென்றே ஒரு கம்பனி கட்டி வைத்திருக்கிற கட்டடம் என்றால் இந்தப் பயம் இல்லை. கம்பனி தான் குடிவரப் போவதாகச் சொல்ல முடியாது. ரீஜன்ற் பார்க்கிலும் அதைச் சுற்றியும் அப்படியான புதுக் கட்டடங்கள் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் 2018க்குப் பிந்தியவை, ஆகவே வாடகைக் கட்டுப்பாடு இல்லை. பழைய கொண்டோ என்றால் வாடகையை அரசின் வீதத்துக்கு மேல் கூட்ட முடியாது, ஆனால் எழுப்பலாம். புது வாடகைக் கட்டடம் என்றால் என்12 கொடுத்து எழுப்ப முடியாது, ஆனால் வாடகையால் தள்ளலாம். புதுக் கொண்டோ என்றால் இரண்டு பக்கமும் திறந்துதான் கிடக்கிறது. நீங்கள் பார்த்த வீடு இந்த மூன்றில் எது என்று தெரியாமல் இரண்டு நாளில் முடிவு சொல்லாதீர்கள்.

நாலாவது வழி ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனம் கேட்காது. வடக்கே நடந்தால் பதினைந்து, இருபது நிமிடத்தில் சென்ற் ஜேம்ஸ் ரவுன். 1960களில் எழுந்த உயரமான வாடகைக் கட்டடங்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ஊரில் இருந்து வந்து இறங்கிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அதுதான் முதல் முகவரி. நானும் அங்கே இருந்தவள். பார்லிமென்ற், வெலஸ்லி சந்தியில் தமிழ்க்கடையில் மீனும் கருவேப்பிலையும் வாங்கிக்கொண்டு லிஃப்ற்றுக்குக் காத்து நின்ற நாட்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. அங்கே வாடகைக் கட்டுப்பாடு உண்டு, என்12 பயமும் இல்லை. பெரிய திருத்த வேலை செய்தால் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு வீதத்துக்கு மேல் வருடத்துக்கு 3 சதவீதம் வரை, மூன்று வருடத்துக்குக் கூட்டலாம், அது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்றப்படி கரப்பான், பழுதாகிற லிஃப்ற், பழைய வயரிங் எல்லாம் இருக்கும். நகரசபையின் ரென்ற்சேஃப் திட்டத்தில் இப்படியான வாடகைக் கட்டடங்களைப் பரிசோதித்து மதிப்பெண் போடுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பழைய வயரிங் என்று சும்மா எழுதவில்லை. 2018 ஓகஸ்ற் 21ஆம் திகதி 650 பார்லிமென்றில் மின்சாரத்தால் தீ பிடித்து சுமார் 1,500 பேர் வெளியே வந்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு அவர்கள் திரும்பிப் போக முடியவில்லை. ஹோட்டல்களிலும் உறவினர் வீடுகளிலும் கிடந்தார்கள். பழைய கட்டடமோ புதுக் கட்டடமோ, வாடகைக்காரர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு இரவும் படுக்காதீர்கள். மாதம் 25, 30 டொலர் அளவில் எடுக்கலாம். அது உங்கள் சாமான்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வெளியேறி இருக்க வேண்டி வந்தால் தங்குமிடச் செலவு தருவதும், உங்கள் குழாய் உடைந்து கீழ் வீட்டுக்குத் தண்ணீர் போனால் அந்தச் செலவைத் தாங்குவதும் அந்த இன்சூரன்ஸில் இருக்கவேண்டும்.

சரி, இனிக் காகிதங்கள். 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு எழுதுகிற லீஸ் மாகாண அரசின் பொதுப் படிவத்தில் இருக்க வேண்டும். ஏஜென்ற் முதலில் தருவது வேறொரு ஒப்பந்தம், ரியல் எஸ்ரேற் சங்கத்தின் படிவம். அது வெறும் விண்ணப்பம் என்று நினைத்துக் கையெழுத்து வைக்கிறவர்கள் கனபேர். இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்த பிறகு அது கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம், யோசித்துப் பார்த்து விலகுவதற்கென்று நாட்கள் கிடையாது. பொதுப் படிவத்தையும் அதோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள், இரண்டையும் ஒன்றாக வாசியுங்கள். பொதுப் படிவத்தில் 15ஆம் பகுதி, மேலதிக நிபந்தனைகள் என்று இருக்கும். முன்பக்கங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான், உங்களுக்கென்று எழுதியது அந்தப் 15இல்தான் கிடக்கும். செல்லப்பிராணி வைக்கக் கூடாது, 200 டொலருக்குக் கீழான திருத்தம் எல்லாம் குடியிருப்பவர் செலவு என்று அங்கே எழுதி வைத்திருப்பார்கள். திருத்த வேலை வீட்டுக்காரரின் பொறுப்பு. அப்படியான வரிகள் சட்டத்துக்கு முன் செல்லாது. ஆனாலும் அதைப் பார்த்தாலே எப்படியான ஆளோடு ஒரு வருடம் பழகப் போகிறீர்கள் என்று விளங்கும்.

பணத்தில் அவர் உங்களிடம் கேட்கக் கூடியது முதல் மாதமும் கடைசி மாதமும் மட்டும்தான். உங்கள் கணக்கில் 4,500 டொலர். சேத டிப்பொசிற் இந்த மாகாணத்தில் கிடையாது. திறப்புக்கு டிப்பொசிற் கேட்கலாம், புதுத் திறப்பு வெட்டுகிற செலவுக்கு மேல் கேட்க முடியாது, போகும்போது அது திரும்பி வரவேண்டும். 12 காசோலை முன்திகதியிட்டுத் தரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. க்ரெடிற் குறைவு என்று ஆறு மாத வாடகையை முன்னாலே கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது சட்டத்தில் இல்லாதது. அப்படிக் கேட்டால் அம்மாவையோ அண்ணாவையோ பிணையாக நிறுத்திக் கையெழுத்து வைக்கச் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள். வேலைக் கடிதமும் க்ரெடிற் அறிக்கையும் முதலே எடுத்து வைத்திருந்தால் பேச்சு இலகுவாகும்.

இன்னொன்று, இப்போது புதுக் கட்டடங்களில் "ஒரு மாதம் இலவசம், இரண்டு மாதம் இலவசம்" என்று போடுகிறார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் லீஸில் எந்தத் தொகை வாடகையாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கழிவு போக நீங்கள் கட்டுவது சராசரியாக 2,060 ஆக இருக்கலாம், எழுதியிருப்பது 2,250. அடுத்த வருடம் கூட்டுவது 2,250இன் மேல்தான். அந்தக் கழிவு படிவத்தின் 7ஆம் பகுதியில் எழுத்தில் இருக்கவேண்டும். வாயால் சொன்ன கழிவு மூன்றாம் மாதம் மறந்துபோகும்.

என்11 என்று ஒரு படிவத்தைத் தொடக்கத்திலேயே நீட்டினால், அதாவது ஒரு வருடத்தில் நானாகவே போகிறேன் என்று இப்போதே கையெழுத்துக் கேட்டால், அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வீடு தருவதற்கு நிபந்தனையாக வாங்கிய என்11 செல்லாதுதான். ஆனால் அதை வாங்குகிறவர் ஒரு வருடத்தில் உங்களை வெளியே அனுப்புவது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் வாங்குகிறார். உண்மையில் லீஸ் ஒரு வருடத்தில் முடிந்தாலும் நீங்கள் எழும்பத் தேவையில்லை. அது தானாகவே மாதாமாதம் என்று தொடரும். நீங்கள் போக விரும்பினால் 60 நாள் அவகாசம் கொடுத்தால் போதும்.

கட்டடம் புத்தம் புதிது என்றால், கொண்டோவாகப் பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள். பதிவாகும் முன்னரே வாங்கியவர்களைக் குடியிருக்க விடுவார்கள், ஆனால் அப்போது அவர் இன்னும் சட்டப்படி சொந்தக்காரர் இல்லை, கட்டியவருக்கு மாதக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவர். வாடகைக்கு விடக் கட்டியவரின் அனுமதி அவருக்கு வேண்டியிருக்கலாம். அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜிம்மும் விருந்து மண்டபமும் படத்தில்தான் இருக்கும், லிஃப்ற்றில் பலகை அடித்து வைத்திருப்பார்கள், மேல்மாடியில் இன்னும் துளைபோடும் சத்தம் கேட்கும். அந்தக் கரைச்சலுக்கு ஏற்ற மாதிரி வாடகையைக் குறைத்துக் கேட்கலாம்.

வீடு பார்க்கப் போகும்போது வெளிச்சத்தையும் தரையையும் பார்த்து மயங்காமல் சுவரோடு ஒட்டியிருக்கிற அந்தச் சிறிய கதவைத் திறக்கச் சொல்லுங்கள். சூடும் குளிரும் தருகிற மெசின் அதற்குள் இருக்கும். ஃபில்ரரை இழுத்துப் பாருங்கள். நான் ஒரு பிள்ளையோடு பார்க்கப் போன வீட்டில் ஃபில்ரர் சாம்பல் நிறத்தில் செம்மறியாட்டுத் தோல் மாதிரி வந்தது. அடியில் தட்டில் தண்ணீர் தேங்கி விளிம்பில் கறுப்பாய்ப் பூஞ்சணம். வீடு முழுக்கப் புதுப் பெயின்ற் மணம். அந்தப் பிள்ளைக்கு ஆஸ்மா. எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போன வீடு அது, அந்தக் கதவை ஒருவரும் திறக்கவில்லை. பிறகு ஏஜென்றிடம் அந்த மெசின் சொந்தமா, மாத வாடகைக்கு எடுத்ததா, யார் கட்டுவது என்றும் கேளுங்கள். ஹைட்ரோ பில், அதாவது மின்சாரக் கட்டணம், தனி மீற்றரில் வரும், தண்ணீரும் சில கட்டடங்களில் தனி. 2,250 என்பது எதையெல்லாம் சேர்த்து என்பது 6ஆம் பகுதியில் ஆம், இல்லை என்று குறித்திருக்கும். படுக்கையறைக்கு வெளிப்பக்க ஜன்னல் இருக்கிறதா, அல்லது கண்ணாடிக் கதவுதான் ஜன்னலா? ஆஸ்பத்திரி வேலையில் இரவுச் சிஃப்ற்றும் வந்து பகலில் தூங்க வேண்டியிருந்தால் இது பெரிய விசயம்.

சத்தமும் அப்படித்தான். ரீஜன்ற் பார்க் இன்னும் கட்டி முடியவில்லை. நகரசபை விதிப்படி கட்டட வேலை வார நாட்களில் காலை 7 மணிக்குத் தொடங்கலாம், சனிக்கிழமை 9 மணிக்கு, இரவு 7 மணியோடு நிறுத்தவேண்டும், ஞாயிறு கூடாது. இரவுச் சிஃப்ற் வந்தால், அது முடிந்து வந்து நீங்கள் படுக்கிற நேரம்தான் அவர்கள் தொடங்குகிற நேரம். உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, அந்தப் பக்கம் வேலி அடைத்த காணி இருக்கிறதா என்று நேரில் நின்று பாருங்கள்.

இனி அம்மா. அம்மா பயப்படுவது சும்மா இல்லை. தொண்ணூறுகளில் எங்களுக்கும் அந்தப் பக்கம் போகாதே என்றுதான் சொன்னார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்ட இடம், இப்போதும் இடைக்கிடை கேட்கிறது. அதை மறைத்து உங்களுக்கு வீடு விற்க நான் ஏஜென்ற் இல்லை. மேற்கே ஷேர்போர்ன் சந்தியை நோக்கி நடந்தால் தெருவில் படுக்கிறவர்களையும் போதையில் தள்ளாடுகிறவர்களையும் பார்ப்பீர்கள். பெரும்பாலும் அவர்கள் தங்கள் துன்பத்தோடு இருக்கிறவர்கள், உங்களுக்கு ஒன்றும் செய்யமாட்டார்கள். ஆனாலும் விடிய ஆறரைக்குத் தனியே போகிற பெண் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்கள்தான் நடந்து பார்க்கவேண்டும். டண்டாஸில் 505 ஸ்ட்ரீற்கார் ஓடுகிறது, யுனிவர்சிற்றி அவென்யூ ஆஸ்பத்திரிகளுக்கு அது ஒரே ஓட்டம். ஜெராட்டில் 506. அதே 506இல் கிழக்கே போனால் ஜெராட் இந்தியா பசார். நடந்து போனால் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம். ஒப்பந்தத்துக்கு முன்னர் ஒருநாள் உங்கள் சிஃப்ற் நேரத்துக்கே அங்கிருந்து போய்ப் பாருங்கள், இன்னொருநாள் இரவு பத்தரைக்கு ஸ்ட்ரீற்காரில் இருந்து இறங்கி வாசல் வரைக்கும் நடந்து பாருங்கள்.

அம்மாவைப் பின்னேரம் ஆறு மணிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கேயுள்ள பூங்காவுக்குப் பக்கத்தில் பெரிய நீச்சல் குளம் இருக்கிறது, 2012இல் திறந்தது, பாம் மக்கொனல் என்ற நகரசபை உறுப்பினரின் பெயரில். வெளிச்சுவரில் பெரிய கண்ணாடி. தெருவில் நின்றாலே உள்ளே பிள்ளைகள் குதிப்பது தெரியும். பெண்கள் மட்டும் நீந்துகிற நேரத்தில் அந்தக் கண்ணாடிக்குத் திரை இறங்கும். முக்காடு போட்ட தாய்மார் கூச்சமில்லாமல் நீந்த வேண்டும் என்று கட்டும்போதே நினைத்துச் செய்த ஏற்பாடு. பூங்காவில் ஊர்ச் சனத்துக்குப் பொதுவாய் ஒரு ரொட்டி அடுப்பு இருக்கிறது. கோடையில் அதன் பக்கத்தில் சோமாலியத் தாயும் வங்காளத் தாயும் சீனப் பாட்டியும் ஒரு வாங்கில் இருந்து கதைப்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அம்மாவை அந்த வாங்கில் கொஞ்ச நேரம் இருக்க விடுங்கள்.

அந்தத் தாய்மாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கட்டடங்களை இடித்தபோது அவர்களை வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள், திரும்பி வருகிற உரிமை உண்டு என்று எழுத்தில் கொடுத்து. வருடக்கணக்கில் காத்திருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறி, அங்கேயே வேர்விட்டு, வராமல் போனவர்களும் உண்டு. இடம்பெயர்வது என்றால் என்ன என்று உங்கள் அம்மாவுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்கள் கொண்டோவுக்கு எதிரே நிற்கிற கட்டடம் அவர்களுடையதாக இருக்கும். கொண்டோக்காரரில் சிலர் "அந்தப் பக்கம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள் தங்கச்சி. அந்த வட்டாரத்தை விட்டுப் போகாமல் காத்து நின்றவர்கள் அவர்கள்தான், உங்கள் வீடு அங்கே எழும்பியதும் அவர்கள் இருந்த மண்ணில்தான்.

எடுக்கலாமா என்று கேட்டீர்கள். கட்டடம் 2018 நவம்பருக்கு முந்தியது, மெசின் துப்புரவு, 15ஆம் பகுதியில் ஏடாகூடமாய் ஒன்றும் இல்லை என்றால் எடுங்கள். 2,250க்கு அது நியாயமான இடம். பிந்தியது என்றால், அடுத்த வருடம் 300, 400 டொலர் கூடினாலும் உங்கள் சம்பளம் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு, ஒரு வருடத்துக்கு என்ற நினைப்போடு எடுங்கள். கட்டில் மேசை எல்லாம் புதிதாய் வாங்கி நிரப்ப வேண்டாம்.

ஏஜென்றுக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், தொலைபேசியில் கேட்க வேண்டாம். கட்டடத்தில் முதலில் ஆள் குடிவந்த வருடம், யூனிற் யாருடைய பெயரில் இருக்கிறது, அதை விற்கிற எண்ணம் உண்டா, சூடு குளிர் மெசினுக்கு யார் கட்டுவது, இந்த நாலும் போதும். "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று மட்டும் பதில் வந்தால் திரும்பக் கேளுங்கள். ரெண்டு நாள் கெடு என்பதற்காக அவசரப்பட வேண்டாம், இந்தக் காலத்தில் டவுன்ரவுனில் கொண்டோ தட்டுப்பாடு இல்லை. பதில் எழுத்தில் வந்ததும் லீஸின் 15ஆம் பகுதியைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வியாழன் பின்னேரம் வேலையால் வந்ததும் இருந்து வாசித்துச் சொல்கிறேன்.